மார்கழியில் ஆளற்ற இல்லம்

பங்குனி மழை பெய்து ஓய்ந்த மறுவாரம்; சேர்வராயன் மலைச்சரிவெல்லாம் காப்பிச் செடிகள் ஒருசேரப் பூத்து, பச்சைப் பட்டின்மேல் பாற்குடம் கவிழ்ந்தாற்போல் வெளுத்துக் கிடந்தன. கதிரவன் கீழ்மலை முகட்டில் எழுந்த பின்னும், பள்ளத்தாக்கை நிறைத்திருந்த பனி விலக மனமின்றி, மிளகுக்கொடி தழுவிய நெடுமரங்களின் இடையே தங்கியும் தயங்கியும் மெல்ல மேலேறிக்கொண்டிருந்தது. ஒண்டிக்கடையைக் கடந்து, கொட்டச்சேட்டுக்குச் செல்லும் வழியில், நெல்லிமேட்டுப் பொது மருத்துவமனையின் புதுக் கட்டடம் வெண்சுதை மின்ன எழுந்து நின்றது. மலைமக்கள் அதைக் கண்டு களித்தனர். அதற்காகப் பல்லாண்டு போராடிய தலைமை மருத்துவர் ஷெர்லின் மட்டும், கற்றறிந்த நண்பரே, அதன் வாயிலைத் தலைகுனிந்தே கடந்தாள்.

அக்குனிவின் காரணம் முந்தைய ஆண்டு மார்கழியில் விளைந்தது. அந்நாளில் அங்கே அறுவை அரங்கு இல்லை. பேற்றின்போது குருதி பெருகிய பெண்ணைக் கொண்டையூசி வளைவுகள் வழியே சேலத்துக்கு அனுப்பிவிட்டு, உயிரோடு சேர்வாளோ என்று ஏங்கி நிற்பதே ஷெர்லினின் மருத்துவமாக இருந்தது. அவள் எழுதியும் நடந்தும் வேண்டியும் ஓயாததால், விரிவாக்கத்துக்குப் பொருள் வழங்கும் குழு தனபால் என்பவர் தலைமையில் மலையேறி வந்தது. அரங்கு அமைக்கச் சமநிலம் ஒன்றே இருந்தது. அதில் காத்திருப்பு இல்லம் நின்றது. தொலைவூர்ப் பெண்கள் பேறுகாலத்துக்கு முன்னரே வந்து, கூடிச் சமைத்து, குழந்தையோடு வீடு திரும்பும்வரை தங்கும் நீண்ட ஓட்டுவீடு அது. குழு வந்த நாளில் அங்கே அடுப்புச் சாம்பல்கூட இல்லை.

"இவ்வில்லம் எப்போதும் இப்படித்தான் ஆளற்றுக் கிடக்குமா, மருத்துவரே?" என்று தனபால் வினவினார்.

ஷெர்லினின் தாய் இன்பமேரி மஞ்சக்குட்டைத் தோட்டமொன்றில் காப்பிப்பழம் பறித்தவள். ஆகவே மகளுக்குத் தெரியும்: பறிப்புக் காலத்தில் எப்பெண்ணும் தோட்டத்தை விட்டு அகலமாட்டாள், கடைசிப் பழம்வரை நின்றவளுக்கே முடிவில் மிகைக்கூலி கிடைக்கும் என்பதால், நிறைவயிற்றின்மேலும் பழப்பையைக் கட்டிக்கொண்டு நிற்பாள். பறிப்பு முடிந்ததும் மாசியிலும் பங்குனியிலும் அவ்வில்லம் தாழ்வாரம்வரை நிறைந்து வழியும். இதைச் சொன்னால் குழு அன்றே மலையிறங்கும்; அரங்கு வேறோர் ஊருக்குப் போகும். கடைசியாகச் சேலத்துக்கு அனுப்பியபோது வழியிலேயே இறந்த பெண்ணின் முகம் நினைவில் எழ, "ஆமாம்" என்றாள். அச்சொல் அம்மாதத்துக்கு மெய்; ஆண்டுக்குப் பொய்.

இல்லம் இடிந்தது, அரங்கு எழுந்தது. வேலை நடந்தவரை பெண்களுக்கு மாதா கோவில் மண்டபம் இடந்தந்தது. கட்டடம் முடிந்ததும், இனி அங்கேயே இடமிருக்கும் என்று நம்பிக் கோவிலார் மண்டபத்தை அடைத்தனர். இவ்வாண்டு மாசியில், பறிப்பு முடிந்த கையோடு, கொட்டச்சேட்டு முத்தாயி தன் மருமகள் சிவசக்தியை அழைத்துக்கொண்டு, அரிசி மூட்டையும் சட்டியுமாக வந்து இறங்கினாள்.

"ஏனுங்க டாக்டரம்மா, இவ்வளவு பெரிய ஊட்டக் கட்டிப்போட்டு, புள்ளத்தாச்சி படுக்க ஒரு மூலை வெக்கலீங்களா? கண்ணாடி நொம்ப வெச்சிருக்கீங்க, அதுல மொகம் பாத்துக்கிட்டே பெத்துக்கச் சொல்றீங்களா?" என்று முத்தாயி சிரித்தாள்.

ஷெர்லினும் சிரிக்க முயன்றாள். "இன்னும் நாள் இருக்குதுங்க. ஊட்டுக்குப் போயிட்டு, வலி எடுத்ததும் ஜீப்புல வந்துருங்க."

வலி எடுத்த அன்று பனி இறங்கியது. முன்னே செல்லும் வழி தெரியாமல், ஓட்டுநர் இறங்கி நடந்து வழிபார்க்க, வண்டி ஊர்ந்து வந்தது. இடைவழியில் பிறந்த ஆண்குழந்தை மூச்சு விடவில்லை. குருதி வடிந்து வெளுத்துப்போன சிவசக்தியைப் புது அரங்கில் கிடத்தி, ஷெர்லின் தன் கைகளாலேயே மீட்டாள்.

இன்று சிவசக்தி வீடு திரும்பும் நாள். அடுத்த கட்டத்துக்குப் பொருள் ஒதுக்குமுன் பயன்காண வந்திருந்த தனபாலின் எதிரே, முத்தாயி மருத்துவரின் கைகளைப் பற்றிக் கண்களில் ஒற்றிக்கொண்டாள்.

"இந்தக் கட்டடம் மட்டும் இல்லீன்னா எம்பட மருமவ இல்லீங்க. நீங்க தெய்வமுங்க."

"அன்று நீங்கள் மொழிந்த ஒரு சொல்லின் பயன், மருத்துவரே," என்றார் தனபால் மகிழ்ந்து. "இனி நோயறி கூடம் எழுப்புவோம்."

அந்நன்றி, புண்ணில் விழுந்த உப்பினும் மிகுதியாக எரித்தது. வாளா இருந்தால் யாரும் அறியார். ஷெர்லின் கைகளை மெல்ல விடுவித்துக்கொண்டாள்.

"ஐயா, முதலில் காத்திருப்பு இல்லம் வேண்டும். அது ஆளற்றுக் கிடந்தது பறிப்புக் காலமாதலால். அதை அறிந்தே மறைத்தேன்."

தனபாலின் முகம் இறுகியது. "மறைத்ததையும் சேர்த்து எழுதித் தாருங்கள். எழுதினால் இப்பதவி உங்களுக்கு நிலைக்காது."

"எழுதுகிறேன்."

முத்தாயிக்குச் செந்தமிழ் முழுதும் விளங்கவில்லை, விளங்கவேண்டியது விளங்கிற்று. "அந்த ஊடு இருந்திருந்தா நாங்க இங்கயே இருந்திருப்பமுங்க. தெரிஞ்சேதானுங்களா சொன்னீங்க?"

"தெரிஞ்சேதானுங்க."

கிழவி தன் கைகளைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டாள். அதுவரை சுவரில் சாய்ந்து நின்ற சிவசக்தி, மருத்துவரின் முகத்தை ஒருகால் நிமிர்ந்து நோக்கிவிட்டு, வெறுமையான மடியில் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"அத்தே, பஸ்ஸு வந்துருச்சு. வாங்க போலாம்."

இருவரும் படியிறங்கிச் சென்றனர். காக்கப்பட்ட ஓர் உயிரை ஈடாகக் காட்டி, கைவிடப்பட்ட மற்றோர் உயிரைக் கேளாதிருக்குமாறு அறத்தை வேண்ட எவராலும் இயலாது. நன்மைக்காகச் சொன்ன பொய்யும், அந்நன்மை நிலைத்திருக்கும் நாளெல்லாம், அதன் அருகிலேயே நிலைத்திருக்கும். பேருந்து வளைவில் மறையுமளவும் ஷெர்லின் அவ்விடத்திலேயே நின்றாள். அவர்கள் திரும்பிப் பார்க்கவில்லை.