காய்ந்த துணி

முனவ்வராவுக்கு நாய் என்றால் பயமில்லை. நாயின் ஈரம்தான் பயம். காய்ந்த நாய் காலில் உரசிப் போனால் ஒன்றுமில்லை. ஈரம் பட்டுவிட்டதோ, மார்க்கத்தில் சொன்னபடி பட்ட இடத்தை ஏழு தரம் கழுவவேண்டும், அதில் ஒரு தரம் மண் கரைத்த தண்ணீரால். நாவுலையில் வெயில் காலத்தில் குழாய்த் தண்ணீர் இன்றைக்கு வந்தால் நாளைக்கு வராது. ஐந்து வேளை தொழுகிற ஒருத்தி எத்தனை தடவைதான் மண்ணைக் கரைத்துக்கொண்டு நிற்பாள், நீங்களே சொல்லுங்கள்.

அப்படிப்பட்டவள் ஐந்து நாய்க்குட்டிகளைத் தன் வீட்டுக்குத் தூக்கி வந்தது பக்கத்து வீட்டு வாகினிக்காக. வாகினி யாழ்ப்பாணத்துப் பிள்ளை. பிரதேச செயலகத்தில் வேலை கிடைத்து வந்தவள், வாடகை வீட்டில் தனியாக இருந்தாள். துணைக்கு இருந்தது சூட்டி என்கிற பழுப்பு நிறப் பெட்டை நாய் மட்டும். அது குட்டி போட்ட கையோடு ஊரிலிருந்து செய்தி வந்தது, அப்பா நெஞ்சு வலியில் போய்விட்டார் என்று. அழுதபடி பஸ் ஏற நின்றவளின் கையைப் பிடித்து முனவ்வராதான் சொன்னாள்.

"நீ யோசிக்காமப் போ மகள். சூட்டியும் குட்டிங்களும் என் பொறுப்பு."

வாக்குக் கொடுப்பது சுலபம். அப்பாவின் எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்து வாகினி வருவதற்கு முன்னால், கோழிக்கடைப் பக்கம் எலும்பு பொறுக்கப் போன சூட்டி ரோட்டில் பஸ்ஸில் அடிபட்டுச் செத்தது. முனவ்வராவின் புருஷன் மீராசாஹிப் தன் மரக்கறிக் கடையிலிருந்து அதைப் பார்த்தார். ஆள் பிடித்துப் புதைத்துவிட்டு வந்து சொன்னார்.

"அந்தப் பிள்ளைக்கு ஒரு கோல் எடுத்துச் சொல்லிடு."

"சாவு வீட்டுல இருக்கிற பிள்ளைக்கு இன்னொரு சாவைச் சொல்லச் சொல்றீங்களா? உங்களுக்கு நெஞ்சுல ஈரமே இல்லையா? வரட்டும். குட்டிங்களைக் காட்டிட்டு மெதுவாச் சொல்லிக்கிறேன்."

அன்று பொழுதுபட வாகினியே போனில் பேசினாள். "சூட்டி சாப்பிட்டதோ அன்ரி?" முனவ்வரா கண்ணை மூடிக்கொண்டு, நல்லாச் சாப்பிட்டா மகள், குட்டிகளும் சுகம் என்றாள். நல்லெண்ணத்தில் சொன்ன பொய். பொய் பொய்தானே!

அதற்குப் பிறகு அவள் பட்ட பாட்டைச் சும்மா சொல்லக்கூடாது. வாழைப்பழப் பெட்டியில் புருஷன் உடுத்த பழைய சாரத்தைக் கிழித்து விரித்தாள். போத்தலில் சுடுதண்ணீர் ஊற்றித் துணி சுற்றிப் பக்கத்தில் வைத்தாள். பாமசியில் ஊசி இல்லாத சிறிஞ்ச் வாங்கி, ஆட்டுப்பாலை இளஞ்சூட்டில் சொட்டுச் சொட்டாகக் கொடுத்தாள். கையில் சிலிசிலி பேக் என்கிற மெல்லிய பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டு, மேலே ஒரு காய்ந்த துணியைச் சுற்றித்தான் குட்டியைத் தூக்குவாள். வாயோரம் வழிந்த பாலைக்கூட இன்னொரு துணியால் ஒற்றிவிடுவாள். மூன்று பிள்ளை பெற்று வளர்த்தவள். கண் திறக்காத ஒரு சீவனை எப்படிப் பிடிப்பது என்று அவளுக்குத் தெரியும். எல்லாம் செய்தாள். ஈரத்தை மட்டும் அண்ட விடவில்லை.

அதில் அவளுக்கு ஒரு ஆச்சரியமும் இருந்தது. பெட்டியில் விரித்த துணி விரித்தபடி காய்ந்தே கிடந்தது.

"இங்க பாருங்களேன்" என்று புருஷனைக் கூப்பிட்டுக் காட்டினாள். "ஒரு சொட்டு மூத்திரம் இல்ல. எவ்வளவு சுத்தமான குட்டிங்க! அல்லாஹ் என் கஷ்டத்தைப் பாத்துட்டான்."

வெட்கத்தை விட்டுச் சொன்னால் அவள் அதற்காக அல்லாஹ்வுக்கு நன்றிகூடச் சொன்னாள். குட்டிகளின் வயிறு உருண்டையாக இருந்தது. பால் நிறைந்த வயிறு என்று நினைத்தாள். அவை முனகின. அழுத பிள்ளை பால் குடிக்கும் என்று இன்னும் கொஞ்சம் பால் கொடுத்தாள். முனகல் கூடக்கூடப் பாலும் கூடியது.

முதலில் கறுத்தக் குட்டி செத்தது. தாயில்லாத குட்டி, ஒன்றிரண்டு போகத்தான் செய்யும் என்றார் மீராசாஹிப். பிறகு வெள்ளைக்கால் குட்டி. அடுத்ததாக இரண்டு ஒன்றையொன்று ஒட்டியபடியே செத்துக் கிடந்தன. முனவ்வராவுக்குச் சோறு இறங்கவில்லை. மிஞ்சியிருந்தது தாயின் நிறத்தில் ஒன்றே ஒன்று. "யா அல்லாஹ், இந்த ஒன்றையாவது அந்தப் பிள்ளையின் கையில் கொடுக்க வை" என்று தொழுகைப் பாயிலிருந்து எழும்பாமல் அழுதாள்.

வாகினி காலையில் வந்து இறங்கினாள். முகம் வற்றிப்போயிருந்தது. முனவ்வரா வாசல் படலையடியிலேயே எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். வாகினி கத்தவில்லை. பையைக் கீழே வைத்துவிட்டுப் பெட்டியருகே குந்தினாள். குட்டியை எடுத்து வயிற்றைத் தொட்டவள் திடுக்கிட்டு நிமிர்ந்தாள்.

"கல்லுப் போல கிடக்குதே! அன்ரி, இது மூத்திரம் போகுதோ?"

"இல்ல மகள். ரொம்பச் சுத்தம். துணியைப் பாரேன், ஒரு பொட்டு..."

வாகினியின் முகத்தைப் பார்த்து முனவ்வராவின் பேச்சு நின்றது.

"அன்ரி, தாய் நக்கி விட்டாத்தான் இதுகளுக்குப் போகும். தானாப் போகத் தெரியாது. தாய் இல்லையெண்டா நாங்கள்தான் பஞ்சைச் சுடுதண்ணியில நனைச்சு, பால் குடுக்கிற நேரமெல்லாம் துடைச்சு விடவேணும்."

முனவ்வரா அடுப்படிக்கு ஓடினாள். தண்ணீரும் பஞ்சும் வந்தன. வாகினி பஞ்சை நனைத்துப் பிழிந்தாள். முனவ்வரா குட்டியைப் பறிக்காத குறையாக வாங்கி, பேக்கும் இல்லாமல் துணியும் இல்லாமல், வெறுங்கையில் பிடித்துத் துடைத்தாள். ஈரப்பஞ்சு பட்டதுதான் தாமதம், வந்தது. அவளுடைய உள்ளங்கை நிறைந்து, மணிக்கட்டில் வழிந்து, சட்டைக் கையை நனைத்து, நிற்காமல் வந்தது. இந்தச் சின்ன உடம்புக்குள் இவ்வளவு வலியா இருந்தது! அவள் கையை இழுக்கவில்லை. குட்டியின் முனகல் மெல்ல அடங்கியது.

"இவ்வளவுதானா?" என்றாள் முனவ்வரா. "இவ்வளவுதானா மகள்? இதுக்கா நாலும் செத்துச்சு?"

வாகினி அப்போதுதான் அழுதாள். "ஏன் அன்ரி எனக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்லை? அப்பாவுக்குத்தான் என்னால ஒண்டும் செய்ய முடியேல்லை, நான் போகேக்க எல்லாம் முடிஞ்சுது. இதுகளுக்கு என்ன செய்யிறதெண்டு அங்கை இருந்துகொண்டே சொல்லியிருப்பனே."

உன் மனம் நோகக்கூடாதென்று மறைத்தேன் என்று எந்த வாயால் சொல்வது?

கடையிலிருந்து வந்த மீராசாஹிப் மனைவி அடுப்படியில் சுருண்டு கிடப்பதைக் கண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். விஷயத்தை முழுக்கக் கேட்டார். பிறகு மெதுவாகத்தான் சொன்னார்.

"ஈரம் பட்டா கழுவிக்கன்னுதானே மார்க்கத்துல இருக்கு. தொடாதே, சாகவிடுன்னு இல்லையே, முனவ்வரா."

"எனக்குத் தெரியாதா?" என்று சீறினாள் அவள். "கழுவச் சோம்பல் பட்டது நான். மார்க்கத்து மேல போடாதீங்க." சொல்லிவிட்டு வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு அழுதாள்.

மறுநாள் விடிந்ததும் பிளாஸ்கில் சுடுதண்ணீரும் ஒரு கட்டுப் பஞ்சும் எடுத்துக்கொண்டு வாகினியின் வாசலில் போய் நின்றாள். லீவு முடிந்துவிட்டது, பிள்ளை வேலைக்குப் போகவேண்டும், குட்டியைத் தன்னிடம்தான் விடுவாள் என்று நம்பிப் போனாள். நேற்றுச் செய்ததை இனி ஆயிரம் தரம் செய்யத் தயாராக இருந்தாள்.

வாகினி கந்தோருக்கு உடுத்திருந்தாள். தோளில் ஒரு பெரிய துணிப்பை. அதன் வாயில் துவாயும் துவாய்க்குள் பழுப்பு மூக்கும் தெரிந்தன.

"என்கிட்ட விட்டுட்டுப் போ மகள். இப்ப எனக்குத் தெரியும்."

வாகினி பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். குரலில் கோபம் ஒரு துளி இல்லை. அதுதான் கொடுமை.

"இல்லை அன்ரி, கந்தோர் மேசைக்குக் கீழ வைச்சுப் பாக்கலாம். உங்களுக்கேன் வீண் கரைச்சல்?"

ஏசியிருந்தால் தாங்கியிருப்பாள், அடித்திருந்தாலும் தாங்கியிருப்பாள். இவ்வளவு மரியாதையாகச் சொன்ன பிள்ளையிடம் என்னவென்று கெஞ்சுவது? சரி மகள், கவனமாப் போ என்று வழிவிட்டாள். வாகினி பை ஆடாமல் ஒரு கையால் தாங்கியபடி ரோட்டைக் கடந்து போனாள். முனவ்வரா பிளாஸ்கை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, அவள் தலை மறைந்த பிறகும் அந்த வாசலிலேயே நின்றாள்.