பின்பக்கமாய் ஏறிய லொறி

மக்டலீன் அந்த லொறியை முதன்முதலாகக் கண்டபோது அது சோடாக் கொம்பனி வளவில், கொய்யா மரத்துக்குக் கீழே, மூக்கை வேலிக்குள் செருகிக்கொண்டு நின்றது. முன்னால் ஒரு சில்லு, பின்னால் இரண்டு. போத்தல் ஏற்றி ஓடிய பழைய ஜேர்மன் வண்டி. தொண்ணூறாம் ஆண்டு போர்த்தடையால் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வருவது நின்றதும் கொம்பனியும் படுத்துவிட்டது. இரண்டு வருசமாக லொறியின் சீற்றில் கோழி அடைகிடந்தது.

அவளுடைய புருசன் சிமியோன் குருநகரில் கடற்றொழில் செய்பவன். அவன் கொண்டுவருகிற மீனைச் சைக்கிளில் கட்டி உரும்பிராய்ச் சந்தைக்கு மிதிப்பது மக்டலீனின் பாடு. சைக்கிள் ஒரு பெட்டிக்கு மேல் தாங்காது. மிச்சம் கரையிலேயே வந்த விலைக்குப் போகும். சோடா முதலாளியின் மச்சான் கிளாலிக் கடலில் ஆட்களை ஏற்றிப் படகு ஓட்டத் தொடங்கி, அதற்கு மோட்டர் தேடி அலைந்துகொண்டிருந்தார். மக்டலீன் அதைக் கேள்விப்பட்ட அன்றே கதையைத் தொடங்கினாள்.

"படகு மோட்டரைக் குடுத்துப்போட்டு லொறி வாங்கிறதோ?" சிமியோன் சோற்றுக்கோப்பையைக் கீழே வைத்தான். "அதைக் கடலிலை ஓட்டிறதோ?"

"மோட்டர் குடிக்கிற மண்ணெண்ணெய்க்கு நீங்கள் பிடிக்கிற மீன் காணுமோ? பாய் கட்டித்தானே ஒரு வருசமாய்ப் போறியள். லொறி அதிலை கால்வாசிதான் குடிக்கும்."

சிமியோன் மூன்று நாள் முறுகிக்கொண்டு திரிந்தான். நாலாம் நாள் தானே மோட்டரைத் தோளில் சுமந்துபோய்க் கொடுத்துவிட்டு வந்தான்.

லொறியை மாட்டில் கட்டி இழுத்து உரும்பிராய்க்குக் கொண்டுபோனார்கள். அங்கே மெக்கானிக் பரமலிங்கம் எந்தக் காரையும் மண்ணெண்ணெயில் ஓடவைப்பார் என்று பெயர். அவர் லொறியின் மூக்கைத் திறந்து பார்த்துவிட்டு, இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றார். எஞ்சின் முன்சில்லுக்கு நேர்மேலே குந்தியிருந்தது. ஒரு சங்கிலி அங்கிருந்து நேரே சில்லுக்குப் போனது. ஸ்ரேறிங்கைத் திருப்பினால் சில்லோடு எஞ்சினும் சேர்ந்து திரும்பியது.

"தங்கச்சி, உதைச் செய்தவன் விசரன்," என்றார் பரமலிங்கம். "பாரம் முழுக்கப் பின்னாலை. இழுக்கிறது முன்சில்லு. ஏற்றத்திலை முன்பக்கம் பாரமில்லாமல் போய் சில்லு வெறுமனே சுத்தும். வெட்டி எடுத்து, பின்சில்லு ஓடுறமாதிரி மாத்தித் தாறன். ரண்டு மாதம் பிடிக்கும்."

மக்டலீன் குனிந்து பார்த்தாள். ஸ்ரேறிங்கை இந்தப்பக்கம் அந்தப்பக்கம் ஆட்டினாள். அவளுக்குச் சிரிப்பு வந்தது.

"அண்ணை, இது எங்கடை படகு மோட்டரெல்லோ! எஞ்சின், தள்ளுறது, திருப்பிறது எல்லாம் ஒரே சாமான். பழுதெண்டால் அப்பிடியே கழட்டி எடுக்கலாம். பின்னாலை இருக்கிறது வெறும் படகு."

பரமலிங்கம் தாடையைச் சொறிந்தார். "உலக யுத்தம் முடிஞ்ச கையோடை ஜேர்மன்காரங்களுக்கும் இரும்பில்லை, எண்ணெயில்லை. பின்சில்லுக்குப் போற நீளத்தண்டும் வேண்டாம், பின்னுக்குப் பல்லுச்சில்லுப் பெட்டியும் வேண்டாமெண்டு மிச்சம் பிடிச்சிருக்கிறாங்கள்."

"அப்ப எங்களை மாதிரித்தான். வெட்டாதேங்கோ. ஓடப் பண்ணித் தாங்கோ, காணும்."

ஒரு கிழமையில் லொறி ஓடியது. கிளப்ப ஒரு மூடி பெற்றோல், பிறகு எண்ணெய் கலந்த மண்ணெண்ணெய். வெள்ளைப் புகை தெருவை மறைக்கும். மக்டலீன் கோயில் வெளியில் இரண்டு நாள் ஓடிப்பழகினாள்.

அடுத்த புதன்கிழமை விடிய, சிமியோனின் வலையில் திரளியும் ஒட்டியுமாய் ஏழு பெட்டி மீன். லொறி கரைமட்டும் இறங்கியது. பரமலிங்கமும் தன் வேலையைப் பார்க்கவென்று சைக்கிளில் வந்திருந்தார். பெட்டிகளை ஏற்றியாயிற்று. கரையிலிருந்து றோட்டுக்கு ஒரு மணல் ஏற்றம். பாதியில் முன்சில்லு சுற்றத் தொடங்கியது. மணல் வாரியடித்ததே தவிர லொறி அசையவில்லை.

"சொன்னனான்," என்றார் பரமலிங்கம்.

நாலு பேர் தள்ளினார்கள். பக்கத்துப் படகுக்காரன் யாகப்பு, பாரம் கொடுக்கிறேன் என்று மூக்கின்மேல் ஏறிக் குந்தி, லொறி உலுக்கியதில் மணலில் விழுந்தான். கரை முழுக்கச் சிரித்தது. மக்டலீன் வானத்தைப் பார்த்தாள். வெயில் ஏறுகிறது, மீன் காத்திருக்காது.

அவள் இறங்கிப் போய்த் தண்ணீருக்குக் கிட்ட நின்றாள். படகுகள் வரிசையாய்க் கிடந்தன. திரும்பி வந்து சிமியோனிடம் கேட்டாள்: "இஞ்சாருங்கோ, படகிலை மோட்டரை எங்கை கொழுவிறனியள்?"

"இதென்ன கேள்வி? பின்னாலை."

"அப்ப நான் ஏன் முன்னாலை விட்டுக்கொண்டு ஏறுறன்?"

லொறியைக் கீழே ஈரமணலுக்கு உருளவிட்டாள். அந்த முன்சில்லு திரும்புகிற திருப்பத்துக்கு, நின்ற இடத்திலேயே அரைவட்டமடித்தது. மீன்பெட்டிகள் றோட்டைப் பார்க்க, மூக்குக் கடலைப் பார்க்க, பின்கியரைப் போட்டாள். கழுத்தை வெளியே நீட்டிப் பின்னால் பார்த்துக்கொண்டு மெல்ல மிதித்தாள். லொறி முனகியது. சில்லு மணலைக் கவ்வியது. பின்புறத்தை ஆட்டிக்கொண்டு, புகை கக்கிக்கொண்டு, ஒரே மூச்சில் றோட்டில் ஏறி நின்றது.

ஆரவாரம் ஓய முதலே பரமலிங்கம் மூச்சிரைக்க ஓடிவந்தார். "ஏற்றத்திலை பாரம் கீழ்ப்பக்கத்துக்குத்தான் சாயும், தங்கச்சி. இப்ப கீழ்ப்பக்கம் எஞ்சினெல்லோ! விசரன் அவனில்லை, நான்தான்."

சைக்கிளை மீன்பெட்டிகளுக்கு மேலே போட்டுவிட்டு அவளுக்குப் பக்கத்தில் ஏறிக்கொண்டார். உரும்பிராயில் ஒன்பதரைக்கு ஏழு பெட்டியும் முடிந்தது. ஒட்டிமீன் கிடைக்காத பெண்கள் நாளைக்கும் வருவியளோ என்று கேட்டுக்கொண்டு லொறியைச் சுற்றி நின்றார்கள்.

"வெறும் லொறியைத் திருப்பிக் கொண்டுபோறது பாவம்," என்றார் பரமலிங்கம். "நீர்வேலியிலை என்ரை சகலன் கனகரத்தினம் வாழைக்குலை வெட்டிப்போட்டு, யாழ்ப்பாணச் சந்தைக்குக் கொண்டுபோக வண்டில் தேடுறார். நான் ஓட்டிக் காட்டட்டே?"

அவர் ஓட்டினார். கோப்பாய் தாண்டினதும் ஒரு ஆட்டுக்கு விலத்தினார். லொறி எஞ்சினோடு சேர்ந்து படக்கென்று திரும்பி, யாரோ ஒருவரின் புகையிலைத் தோட்ட வாய்க்காலில் இறங்கி நின்றது. ஆடு அசையாமல் நின்று பார்த்தது. மக்டலீன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"அண்ணை, இங்காலை வந்து இருங்கோ. நான் எடுக்கிறன்."

பரமலிங்கம் இடம் மாறினார். அவள் லொறியைப் பின்கியரில் வாய்க்காலிலிருந்து எடுத்து நீர்வேலிக்கு விட்டாள். கனகரத்தினத்தின் வளவில் இருபத்தெட்டுக் கப்பல் வாழைக்குலைகள் காத்திருந்தன.