ஒப்புதலுக்குக் காத்திருக்கிறது

ஐந்து மணிக்குக் குழுக்கூட்டம். நூலகங்களுக்கு இலவசமாகக் கிடைக்கும் அந்த மென்பொருளைப் பல நாட்டுத் தன்னார்வலர்கள் சேர்ந்து வளர்த்துவந்தார்கள். புதிதாக வருகிறவர்கள் அதில் ஒரு திருத்தம் செய்து அனுப்புவதற்குள் நொந்துபோய் ஓடிவிடுகிறார்கள் என்று, வழிமுறையைச் சீர்செய்யும் பொறுப்பை அவள்தான் வலியப் போய் ஏற்றாள். மூன்று மாத விடுமுறை நாட்கள் அதிலேயே கரைந்தன. இன்று கூட்டம் ஏற்காவிட்டால் அத்தனையும் குப்பை.

கடைசியாக ஒரு சோதனை பாக்கி. புதியவர் ஒருவர் அவளுடைய குறிப்பைப் படித்துத் தானாகத் திருத்தம் அனுப்ப வேண்டும். அவள் பக்கத்தில் இருக்கலாம், வாய் திறக்கக் கூடாது. நூலகரான கணவன் அகப்பட்டான்.

"புத்தகம் தாமதமானா 'உடனே திருப்பித் தரவும்'னு மிரட்டுதே, அந்த வரிய மாத்தட்டுமா? படிக்க வர்றவங்க பயந்து சாகுறாங்க."

தலையை மட்டும் ஆட்டினாள்.

அவன் ஆற அமரப் படித்தான். அழுத்த வேண்டிய பொத்தான் கண்ணெதிரே இருக்க, சுட்டியை ஊரெல்லாம் சுற்றவிட்டான். அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. எழுந்தாள், சன்னலைச் சாத்தினாள், திறந்தாள், இருமினாள்.

"இருமல்லயும் துப்பு கொடுக்கக் கூடாது, மேடம்."

"தொண்டை கரகரங்குது. நீங்க வேலையப் பாருங்க."

நாலு பத்துக்குத் திருத்தம் போய்விட்டது. அவள் துள்ளிக் குதிக்காத குறை. அவனோ திரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"'ஒப்புதலுக்குக் காத்திருக்கிறது'ன்னு நிக்குது. எனக்கு முன்னாடி அறுபத்தொண்ணு இருக்கே! யாரும்மா ஒப்புதல் தரணும்?"

"நான்தான்."

"நீ மட்டுமா?"

"மத்தவங்க அரைகுறையாப் பார்ப்பாங்க."

"நான் மடிச்ச துணிய நீ பிரிச்சு மடிப்பியே, அந்தக் கேஸா?"

சுருக்கென்றது. பதில் சொல்ல வாயெடுத்தவள் பட்டியலைப் பார்த்தாள். முதல் திருத்தம் பதினெட்டு நாளாகக் கிடந்தது. அனுப்பியவர் அடியில் எழுதியிருந்தார்: 'பரவாயில்லை, நான் விலகிக்கொள்கிறேன்.'

வாசலை அகலமாக்கிவிட்டு நடுவில் தானே நின்றுகொண்டிருந்திருக்கிறாள்.

வழிமுறையில் ஒப்புதல் தருவோர் இடத்தில் இன்னும் நான்கு பேரைச் சேர்த்தாள். நாலாவது ஆள், போன மாதம் அவளோடு மல்லுக்கட்டியவர். அந்தப் பெயரை இரண்டு முறை அழித்து, மூன்றாம் முறை விட்டுவைத்து, விலகியவருக்கு ஒரு மன்னிப்பும் எழுதினாள். ஐந்துக்கு ஒரு நிமிடம் இருக்கும்போது வழிமுறையைக் குழுவுக்கு அனுப்பினாள்.

கூட்டம் அதிக விவாதமில்லாமல் ஏற்றுக்கொண்டது. அடுத்தடுத்த நாட்களில் அறுபத்தொன்று ஐம்பதானது, நாற்பதானது. கணவனின் திருத்தத்துக்கு ஒப்புதல் தந்தவர் அந்த மல்லுக்கட்டியவர்தான்.

"அய்யோ, உங்க வரியில 'தயவுசெய்து' ரெண்டு தடவை வந்திருக்கு. பார்க்காம விட்டுட்டாரு!"

"ரெண்டு தடவை கெஞ்சினா குறைஞ்சா போயிடுவோம்? விடேன்."

விட்டாள். ஆனால் கை துறுதுறுவென்றே இருந்தது.