எண்பது கிலோமீற்றர் உதை

பலெர்மோவில் வாழும் தமிழருக்குள், தான் சுட்ட துவக்கின் உதையாலேயே மதோனியே மலையிலிருந்து எண்பது கிலோமீற்றர் பின்னோக்கிப் பறந்து, பல்லரோச் சந்தைக்குப் பக்கத்திலுள்ள தன் சொந்த வீட்டுப் பல்கனியில் குந்திய நிலையிலேயே வந்து இறங்கியவர் அருளையா ஒருவர்தான். சிசிலியருக்குள்ளும் அப்படி ஒருவர் இருந்ததாகத் தகவல் இல்லை. இந்த நகரத்துக்கு அரபுக்காரர் கப்பலில் வந்தார்கள், நோர்மன்காரர் குதிரையோடு வந்தார்கள், தமிழர் பெரும்பாலும் விமானத்திலும் கொஞ்சப்பேர் லொறிக்குள் ஒளித்தும் வந்தார்கள். முதுகை முன்னால் விட்டு வந்து சேர்ந்த பெருமை அவருக்கு மட்டுமே உரியது. அந்த நேரம் பல்கனிக் கொடியில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்த அவருடைய மனைவி றோசமலர் ஒரு துவாயைக்கூடக் கைதவற விடவில்லை என்பதும் அந்தக் குடும்பத்தின் தரத்தைக் காட்டுகிறது.

"சப்பாத்தைக் கழட்டிப்போட்டு உள்ளுக்கு வாங்கோ," என்றார் றோசமலர். "மான்?"

"விழுந்திட்டுது."

"எங்கை?"

"அங்கைதான்."

"அப்ப கார்?"

அருளையா கொஞ்சம் யோசித்தார். "அதுவும் அங்கைதான்."

அருளையா மன்னார்ப் பக்கத்து ஆள். வியா மக்வேதா வீதியிலுள்ள ஒரு பழைய கட்டடத்தின் வாசலில், கண்ணாடிப் பெட்டி போன்ற அறைக்குள் இருந்து, வருகிறவர் போகிறவருக்குத் தலையாட்டுவது அவருடைய வேலை. பகல் முழுக்கத் தலையாட்டுகிற மனிதனுக்குப் பெரிய எண்ணங்கள் வருவது இயல்பு. மூன்றாம் மாடிச் சின்யோரா, காலமான கணவரின் துவக்குகள் இரண்டை விற்க முடிவெடுத்தபோது அந்த எண்ணங்களுக்கு ஒரு வழி பிறந்தது. இரண்டும் ஒரே அச்சில் வார்த்தவை போன்ற லீவர் துவக்குகள். விசைக்குக் கீழேயுள்ள இரும்பு வளையத்தைத் தள்ளி இழுத்தால் பழைய ரவை வெளியே விழும், புதியது உள்ளே ஏறும். குழல் வாய்க்குள் சுண்டுவிரல் தாராளமாக நுழையும். மதோனியே மலையில் புள்ளிமான் பெருகி இளமரங்களையெல்லாம் மேய்ந்து தீர்த்திருந்ததால், பரீட்சை எழுதி அனுமதி எடுத்தவர்கள் குறித்த நாட்களில் சுடலாம் என்று இருந்தது. அருளையா எழுதினார், எடுத்தார், ஒரு துவக்கை வாங்கினார். மற்றத் துவக்கை வாங்கியவர் நாகபூசணி.

நாகபூசணி பல்லரோவில் அரிசியும் மிளகாய்த்தூளும் முருங்கைக்காயும் விற்கிற கடைக்காரி. வெள்ளிக்கிழமை மச்சம் தொடமாட்டார். சனிக்கிழமை துவக்கோடு மலையேறுவார். அவருடைய மகன் சிந்துஜனும் அருளையாவின் மகள் அனிற்றாவும் ஒருவரையொருவர் விரும்பியதால், காலப்போக்கில் இரண்டு துவக்குகளும் ஒரே காரில் மலைக்குப் போகத் தொடங்கின. ரவைகள் மட்டும் ஒரே பெட்டியில் போகவில்லை. அந்த வகைத் துவக்கில் ரவைகள் குழலுக்குக் கீழே ஒன்றின் பின்னால் ஒன்றாகப் படுத்திருக்கும். ரவை நுனியிலுள்ள சன்னம் கூர்மூக்காக இருந்தால் முன்னாலிருக்கிற ரவையின் பின்பக்கத்தைக் குத்தி வெடிக்க வைத்துவிடலாம் என்பதால் தட்டை மூக்குத்தான் பாதுகாப்பு. இதில் இருவருக்கும் கருத்து வேற்றுமை இல்லை. மிச்சம் எல்லாவற்றிலும் இருந்தது.

நாகபூசணியின் கட்சி, பாரமான சன்னம், குறைந்த வெடிமருந்து. மரங்கள் அடர்ந்த அந்த மலையில் மான் நிற்பது கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில். அவ்வளவு தூரத்துக்குப் பாரமான சன்னம் ஆறுதலாகப் போனாலே ஒரு பக்கத்தால் நுழைந்து மறுபக்கத்தால் வெளியே வரும், ஓட்டைக்கு ஒரு விரல் தள்ளியிருக்கிற இறைச்சிகூடச் சட்டிக்கு உதவும் என்பார். அவருடைய சன்னம் உண்மையாகவே ஆறுதலாகத்தான் போனது. வெடி தீர்த்தபின் அவர் துவக்கைச் சாத்திவைத்து, பிளாஸ்கைத் திறந்து தேத்தண்ணி ஊற்றி, ஊதிக் குடிப்பார். பூசைக்கு நேரத்தோடு புறப்பட்ட பெரியவரைப் போலச் சன்னம் மரங்களுக்கிடையால் போய்க்கொண்டிருக்கும். மானும் நின்றுகொண்டிருக்கும். கோப்பை காலியாகும்போது மான் விழும்.

அருளையாவுக்கு இது ஒரு வேட்டையாகவே படவில்லை. "நாகம், நீங்கள் விடுறது சன்னமில்லை, தபால்," என்பார். "மான் பென்சன் எடுத்தாப் பிறகுதான் போய்ச்சேரும். சும்மா நிக்கிற நேரத்துக்கு அதுக்கும் ஒரு கோப்பை ஊத்திக் குடுக்கலாமே?"

"குடுக்கலாம் அண்ணை," என்பார் நாகபூசணி. "உங்கட மானுக்குத்தான் குடிக்க வாய் மிஞ்சிறேல்லை."

அதுவும் உண்மைதான். அருளையாவின் கட்சி, பாரம் குறைந்த சன்னம், குழலும் தோளும் தாங்குகிற எல்லைவரை மருந்து. முதலில் கடையில் எல்லோருக்கும் கிடைக்கிற பலத்த ரவையை வாங்கினார். அது அவரைத் தூக்கி, பின்னாலிருந்த ஓக் மரத்தின் கவட்டில் வைத்தது. அடுத்த பருவத்தில் கரடிக்கென்று செய்த ரவை. அது அவரைச் செஃபலுக் கடற்கரையில், வெயில் காய்ந்துகொண்டிருந்த ஒரு ஜெர்மன் குடும்பத்தின் குடைக்குக் கீழே கொண்டுபோய் இருத்தியது. அவர்கள் அவருக்கு ஒரு பீச் பழம் கொடுத்தார்கள். மூன்றாவது பருவத்தில், காட்டெருமையை நேருக்கு நேர் நின்று சுடுகிறவர்களுக்கான ரவையை அவர் வரவழைத்தார். மான் சரியாகக் கிழக்கே நின்றது, அவர் சரியாக மேற்கே வந்தார். பல்கனி அப்படித்தான் நடந்தது. பின்னேரம் சிந்துஜன், "அமூனீ மாமா, போவம், ஏறுங்கோ," என்று தன் காரில் ஏற்றிக்கொண்டுபோய் அவருடைய காரை எடுத்துக் கொடுத்தான். மானைத் தேடினார்கள். அது நின்ற இடத்தில் அதன் வெள்ளைப் புள்ளிகள் மட்டும் புல்லில் சிந்திக் கிடந்தன. வேறொன்றும் மிஞ்சவில்லை.

துவக்கோடு பல்கனியில் இறங்கியதைப் பற்றி விசாரிக்க ஒரு பொலிஸ்காரர் வந்தார். வீதியால் துவக்கைத் திறந்தபடி கொண்டு வந்தீரா என்று கேட்டார். வீதியில் கால்படவேயில்லை என்று அருளையா சொன்னார். பொலிஸ்காரர் பல்கனியையும் வானத்தையும் பார்த்துவிட்டு, றோசமலரின் றோல்ஸ் இரண்டைச் சாப்பிட்டுப் போனார். அதன்பிறகு அருளையாவின் மதிப்பு எங்கேயோ போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பெண்கள் தங்கள் பிள்ளைகளை அவருடைய வலது தோளைத் தொட்டுப் பார்க்க விட்டார்கள். மீன் கடைக்காரச் சிசிலியர் அவரைக் கண்டால் கத்தியை உயர்த்தி வணக்கம் வைத்தார்கள். மிலானிலிருந்து வந்த உறவினர்கள் தங்கள் ஊர் மெற்றோவைப் பற்றிக் கதையெடுத்தால், பலெர்மோத் தமிழர் குறுக்கே மறிப்பதில்லை. முடியும்வரை கேட்டுவிட்டு, "எங்களிட்டை அருளையா இருக்கிறார்," என்று மட்டும் சொல்வார்கள். கதை அதோடு நின்றுவிடும்.

இந்தப் பெருமையின் உச்சத்தில்தான் கலியாணம் நிச்சயமானது. காலையில் தாலி, மரக்கறிச் சாப்பாடு. பின்னேரம் தேவாலயம். அதன்பிறகு ஸ்ஃபெர்ராகவால்லோவில் ஒரு மண்டபம், மான்கறி. மான்கறி என்பது பங்கு மண்டபத்தில், சாமியாரும் கேட்கத்தக்கதாக, அருளையா தானாக எழுந்துநின்று சொன்னது. "என்ர பிள்ளையின்ர கலியாணத்துக்கு நான் சுட்ட மான்தான் சட்டியிலை வேகும். வேறை ஆற்றையும் மான் வந்தால் பச்சைத் தண்ணியும் வாயிலை வைக்கமாட்டன். அதுவும் தேத்தண்ணி குடிச்சுக் குடிச்சு விழுத்தின மான் எண்டால், மண்டபப் படியே மிதிக்கமாட்டன்." நாகபூசணி இரண்டு கதிரை தள்ளி இருந்தார். வடையில் மிச்சமிருந்த பாதியை வாயில் போட்டுக்கொண்டார்.

மோதிரம் மாற்றுகிற நாளுக்கு அருளையா ஒரு திட்டம் வைத்திருந்தார். காலையில் மலையில் சுடுவது, பத்து மணிக்குப் பல்கனியில் இறங்குவது, குளித்து வேட்டி கட்டிக்கொண்டு பதினொரு மணிக்குச் சபையில் இருப்பது. காரில் வருவதைவிட இது விரைவு, வாகன நெரிசலும் இல்லை. ஆனால் அன்றைக்கு மான் கொஞ்சம் தெற்கே தள்ளி நின்றது. அருளையா பலெர்மோவுக்கு மேலால் கடந்துபோனார். தன்னுடைய பல்கனியையும், கொடியில் தொங்கிய வேட்டியையும் கீழே கண்டார். நிற்பதற்கு வழி இருக்கவில்லை. ஸ்ஃபெர்ராகவால்லோவுக்கு வெளியே கடலில் நின்ற ஒரு வள்ளத்தின் மீன்பெட்டிகளுக்குள் விழுந்தார். வலை முழுதும் இழுத்து முடியாமல் கரைக்குத் திரும்புவதில்லை என்று வள்ளக்காரர் சொல்லிவிட்டார். அருளையா மத்தி மீன் வாசனையோடு வீடு வந்து சேர்ந்தபோது மோதிரம் மாற்றி, படமும் எடுத்து, விருந்தினரும் போய்விட்டார்கள். மலையில் மறுபடியும் புள்ளிகள் மட்டுமே.

அனிற்றா சத்தம் போடவில்லை. தகப்பனுக்குச் சோறு போட்டுக் கொடுத்துவிட்டு முன்னால் இருந்தாள். "படத்திலை உங்கட கதிரை வெறுங்கதிரை, அப்பா. அந்தப் படத்தை நான் ஒருத்தருக்கும் அனுப்பேல்லை."

"மான் கொஞ்சம் சரிஞ்சு நிண்டிட்டுது, பிள்ளை."

"கலியாணத்தண்டைக்கு நான் ஆற்ற கையைப் பிடிச்சுக்கொண்டு தேவாலயத்துக்குள்ளை போறது?"

"என்ன கேள்வி? அப்பா வருவன்."

"எந்தப் பக்கத்தாலை?" என்றாள் அனிற்றா. "முன்பக்கத்தாலை நடந்து வாங்கோ, அப்பா. எனக்கு அது காணும்."

அதன்பிறகு ஒரு கிழமை அருளையா கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்து தலையாட்டினார், ஒருவரிடமும் ஒரு கதையும் சொல்லவில்லை. சுகமில்லையோ என்று கட்டடத்துக்காரர் விசாரித்தார்கள். சொன்ன வாக்குப்படி மானும் வேண்டும், கேட்டபடி தகப்பனும் வேண்டும். மானைச் சுட்டால் தகப்பன் எங்கே இறங்குவார் என்று சொல்ல முடியாது, சுடாவிட்டால் அந்தத் தகப்பன் சொந்த வாயாலேயே மண்டபத்துக்கு வெளியே நிற்கவேண்டும்.

கலியாணத்தில் மான்கறி பரிமாறப்பட்டது. மூன்று தரம் கேட்டு வாங்கியவர்களும் உண்டு. அனிற்றாவைத் தகப்பனே கைபிடித்து, முகம் முன்னால் இருக்க, நடத்திக்கொண்டு வந்தார். றோசமலர் மட்டும் அன்றைக்கு அழுதார். எப்படிச் சமாளித்தீர்கள் என்று மண்டபத்தில் கேட்டவர்களுக்கு அருளையா, "காட்டெருமை ரவைதான். என்னைக் கயித்தாலை ஓக் மரத்தோடை கட்டிப்போட்டுச் சுட்டனான்," என்றார். அந்தக் கயிறு எவ்வளவு தடிப்பு என்பது ஒவ்வொரு வருடமும் கொஞ்சம் கூடிவருகிறது. மிச்சமிருந்த காட்டெருமை ரவைகள் வீட்டு இரும்புப் பெட்டியில் பத்திரமாக இருக்கின்றன. மலைப்பக்கம் போகிற நாளில் ரயில் வேலைநிறுத்தம் வந்தால் வீடு திரும்ப அவை உதவும் என்று, அவர் இறங்க இடம் விட்டு, றோசமலர் உடுப்புக் கொடியைப் பல்கனியின் ஓரத்துக்கு மாற்றிக் கட்டியிருக்கிறார். எல்லோரும் கயிற்றுக் கதையை நம்புகிறார்கள், அதில் பெருமையும் படுகிறார்கள். நடந்தது வேறு.

சனிக்கிழமைக் கலியாணத்துக்கு முந்திய வியாழக்கிழமை. செவ்வாயும் வெள்ளியும் இந்த நாட்டில் துவக்கு பேசக்கூடாத நாட்கள் என்பதால் அதுவே கடைசி வாய்ப்பு. சிந்துஜன் கீழே பாதையோரம் காரில் இருந்தான். அருளையாவும் நாகபூசணியும் ஒரே மரத்தடியில் குந்தியிருந்தார்கள். நாகபூசணியின் மான் ஒன்று ஏற்கெனவே இறைச்சிக்கடைக் குளிரறையில் தொங்கியது. அதைப் பற்றி அவர் ஒருவரிடமும் வாய் திறக்கவில்லை, அன்றைக்குத்தான் சொன்னார். "தேவைப்பட்டால், நீங்கள் சுட்டது எண்டு சொல்லுங்கோ, அண்ணை. மான் மறுத்துக் கதைக்காது."

"வேண்டாம்," என்றார் அருளையா.

வெயில் ஏறுகிற நேரத்தில் மான் வந்தது. நல்ல கிடாய், உடம்பெல்லாம் புள்ளி, தெற்கே சரிந்து நின்றது. அருளையா துவக்கைத் தோளில் வைத்தார். பிறகு தலையைத் திருப்பித் தன் முதுகுக்குப் பின்னாலிருந்ததைப் பார்த்தார். மலை, மலைக்கு அப்பால் கடற்கரை, அதற்கும் அப்பால் அவர் போய் விழக்கூடிய தண்ணீர் முழுவதும் தெரிந்தது. துவக்கை இறக்கினார். லீவரைத் தள்ளித் தள்ளி இழுத்தார். காட்டெருமை ரவைகள் ஒவ்வொன்றாகச் சருகில் விழுந்தன. அவருடைய இடது கை, அவர் அனுப்பாதது போல, பக்கத்தில் நீண்டு உள்ளங்கையை விரித்தது. நாகபூசணி மானிலிருந்து கண்ணை எடுக்காமல், தன் பொக்கற்றிலிருந்து ஒரு ரவையை எடுத்து அந்தக் கையில் வைத்தார்.

வெடி தீர்ந்தது. அருளையாவின் தொப்பி கொஞ்சம் பின்னால் சரிந்தது. அவர் கண்ணைத் திறந்து பார்த்தபோது அதே மரம், அதே சருகு, பக்கத்தில் அதே நாகபூசணி. தன் முழங்காலைத் தொட்டுப் பார்த்தார். அங்கேயே இருந்தார். முன்னால் சன்னம் மரங்களுக்கிடையால், அவசரமில்லாமல், போய்க்கொண்டிருந்தது.

நாகபூசணி பிளாஸ்கைத் திறந்தார். "சீனி காணுமோ பாருங்கோ," என்றார்.

அருளையா வாங்கினார். மான் நின்றது. சன்னம் பாதி வழி போயிருந்தது. அவர் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்து, ஊதி, குடிக்கத் தொடங்கினார்.