ஆறு தாண்டினால் செல்லாத பேனா உரிமம்

நான்காம் வகுப்பில் இருபத்து மூன்று பேர் பேனாவால் எழுதினார்கள். இமோஜின் கிளிஃபர்ட் மட்டும் பென்சிலால் எழுதினாள். கையெழுத்துத் தேர்வில் தேறி பேனா உரிமம் வாங்கும்வரை பென்சில்தான் என்பது பள்ளி வழக்கம். அவளிடமும் அந்த உரிமம் இருந்தது. ஜூன் மாதம் தேர்வெழுதி, தலைமையாசிரியர் கையால் வாங்கிய அட்டை. ஆனால் வாங்கியது வொடோங்காவில். ஆகஸ்டில் அவள் அம்மா வீடு மாற்றி, மாநில எல்லையான மரே ஆற்றுப் பாலத்தைத் தாண்டி ஆல்பரிக்கு வந்துவிட்டார். மாநிலத்துக்கு மாநிலம் சொல்லித்தரும் எழுத்துவடிவம் வேறு. காரில் எட்டு நிமிடம். அந்த எட்டு நிமிடத்தில் உரிமம் செத்துப்போயிற்று.

"இது இங்க செல்லாதும்மா," என்று வகுப்பாசிரியர் ஹான்லன் அட்டையைத் திருப்பிக் கொடுத்தபோது, உதவி ஆசிரியையான நான் பக்கத்தில்தான் நின்றேன். "உன் எஃப்புக்கு வால் இருக்கு. நம்ம எஃப்புக்குக் கிடையாது."

என் கோபம் புரிய வேண்டுமானால் முதலில் எஃப் புரிய வேண்டும். ஆங்கிலச் சிறிய எழுத்துகளைச் சேர்த்து எழுதும்போது, ஓர் எழுத்து எங்கே முடிகிறதோ அங்கிருந்துதான் அடுத்தது கிளம்பும். 'ஏ' கீழே கோட்டில் முடியும். 'ஓ' உச்சியில் முடியும். எங்கள் சுவர் அட்டையில் இருக்கும் எஃப், மேலே வளைந்து, நேராக இறங்கி, கோட்டில் நின்றுவிடும். கையைத் தூக்கி நடுவே ஒரு குறுக்குக் கோடு போட வேண்டும். அந்தக் கோடே அடுத்த எழுத்துக்குப் பாலம். இமோஜினின் எஃப் கோட்டையும் தாண்டி இறங்கி, கண்ணிபோல் வளைந்து மேலேறி, கையைத் தூக்காமலே அடுத்த எழுத்தைப் பிடித்துவிடும். கை நிற்காமல் ஓடத்தானே சேர்த்தெழுதச் சொல்லித்தருகிறோம்? ஓடிய கையைப் பிடித்து நிறுத்தினோம்.

தினமும் பத்து வரி, பார்த்து எழுத வேண்டும். எல்லாம் வாலில்லாத எஃப்.

"ஏய் பென்சில் பாப்பா, ரப்பர் கொண்டாந்தியா?" என்பான் பின்வரிசை ஜார்வி. அவள் திரும்ப மாட்டாள். காது மட்டும் சிவக்கும்.

"அவ எழுத்து இந்த வகுப்புலயே அழகு, சார்," என்றேன் ஹான்லனிடம்.

"அழகுதான். ஒருத்திக்கு விட்டா நாளைக்கு ஆளாளுக்கு ஒரு எஃப் போடுவாங்க."

வெள்ளிக்கிழமை அவள் அம்மா டிரேசி, ஆரஞ்சு நிற வேலைச் சட்டையோடு நேரே வகுப்புக்கே வந்துவிட்டார். லாரி ஓட்டுபவர்.

"ஏங்க, என் லாரி லைசென்ஸ் அக்கரையில வாங்கினது. இக்கரைக்கு வந்ததும் நான் என்ன, வண்டியத் தள்ளிக்கிட்டா போறேன்?"

"நீங்களும் மூணு மாசத்துல மாத்தியாகணும்ல?" என்றார் ஹான்லன்.

"மாத்தணும். அதுக்காக திரும்ப எல் போர்டு மாட்டி, பக்கத்துல ஒருத்தர உக்கார வச்சு ஓட்டச் சொல்றாங்களா? ஒம்பது வயசுப் புள்ளய மட்டும் சொல்லுவீங்களா?"

"அம்மா, போதும்," என்றாள் இமோஜின். "நான் எழுதிக்காட்டுறேன்."

மூன்று வாரம் எழுதினாள். பழகிய கையைப் பழக்கம் மறக்கவைப்பது புதிதாகக் கற்பதைவிடக் கடினம். ஒவ்வொரு எஃப்பிலும் அவள் விரல் கோட்டில் தயங்கி நிற்பதைப் பார்த்தேன். தேர்வில் ஒரு வால்கூட இல்லை. ஹான்லன் மகிழ்ந்து புது அட்டையையும் நீலப் பேனாவையும் நீட்டினார்.

"கீழ கையெழுத்துப் போடும்மா."

முழுப்பெயரை எழுதினாள். கிளிஃபர்டில் வரும் இரண்டு எஃப்பும் புள்ளிக்கோட்டைத் தாண்டி அட்டையின் விளிம்புவரை இறங்கி, பெரிய கண்ணிகளாகச் சுழன்று மேலேறின.

"சார், வாலு!" என்று கத்தினான் ஜார்வி.

ஹான்லன் வாயைத் திறந்தார்.

"கையெழுத்து என்னோடதுதானே, சார்?"

அவர் என்னைப் பார்த்தார். நான் உதவிக்குப் போகவில்லை. கடைசியில் பிளாஸ்டிக் உறை போடச் சொல்லி அட்டையை என்னிடம் தள்ளினார். வால்கள் வெட்டுப்படாதபடி ஓரத்தை அகலமாக விட்டு வெட்டினேன்.