மேற்கே பார்த்த மீன்

ரவையை வறுக்கும்போதே கனகத்துக்கு அலுப்பாக இருந்தது. பெண் பார்க்க வருகிறவர்களுக்குக் கேசரி கிண்டிக் கிண்டி அந்த வாணலியே மஞ்சள் பூத்துப்போயிருந்தது. கேசரியை யாரும் குறை சொன்னதில்லை. தின்றுவிட்டுப் போனவர்கள் திரும்பி வந்ததும் இல்லை. காரணம் கேசரி இல்லை, தீப்பெட்டி.

சௌரிபாளையத்தில் அந்த வீட்டில் தீப்பெட்டிக்கு இரண்டே வேலைகள். ஒன்று சாமி விளக்கு, இன்னொன்று மாப்பிள்ளை. அவள் வீட்டுக்காரர் திருமலைசாமி நூல் மில்லில் ஸ்பின்னிங் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வேலை கேட்டு வருகிற பையன்களின் மார்க் ஷீட்டை அவர் ஏறெடுத்தும் பார்க்கமாட்டாராம். மேஜைமேல் எட்டுத் தீக்குச்சிகளை அடுக்கி ஒரு மீன் செய்வார். மேற்கே பார்த்த மீன். மூன்றே மூன்று குச்சிகளை நகர்த்தி அதைக் கிழக்கே பார்க்க வைக்க வேண்டும். "படிச்சவன் ஆயிரம் பேரு கெடைப்பான். புத்தியத் திருப்பிப் போடத் தெரிஞ்சவன்தான் வேணும்" என்பார். மில்லோடு முடிந்திருந்தால் யாருக்கு என்ன நஷ்டம்? ஒரே மகள் ஹர்ஷிணிக்கு வரன் பார்க்க ஆரம்பித்ததும் மீன் வீட்டுக்கு வந்துவிட்டது.

கோபியிலிருந்து வந்த வாழைத்தோட்டக்காரர் மகன் வேர்த்து விறுவிறுத்து ஒரு குச்சியை ஒடித்துவிட்டான். கட்டை புத்தி என்று கழித்தார். பெங்களூர்க்காரன் டீப்பாய்க்கு அடியில் செல்போனை வைத்துக்கொண்டு விடை தேடினான். களவாணிப் புத்தியாம். சோமனூர் மாப்பிள்ளை உட்கார்ந்த சூட்டோடு மீனைத் திருப்பிப் போட்டான். அவன் எங்கேயோ பார்த்து மனப்பாடம் பண்ணி வந்தவன் என்று அவனும் போனான். தெரியாவிட்டால் மக்கு, தெரிந்தால் மனப்பாடம், அப்புறம் எவன்தான் தேறுவான்? ஒவ்வொருத்தன் திணறும்போதும் இவர் முகம் தெளிந்துகொண்டே வரும். கடைசியில் மூன்று குச்சிகளையும் சடசடவென்று நகர்த்தி, "அவ்வளவுதானுங்க" என்பார். மகளை அனுப்ப அவருக்கு மனசில்லை. கனகத்துக்கு அது தெரியும். சொன்னால் சண்டை வரும், சண்டை போடுகிற தெம்பு அவளுக்கு எப்போதோ தீர்ந்துவிட்டது.

ஹர்ஷிணிக்கு முப்பத்து மூன்று முடிந்துவிட்டது. பம்பு கம்பெனியில் டிசைன் பிரிவில் இருக்கிறாள். இரண்டு வருஷமாக யாரையும் வரச்சொல்ல விடவில்லை. போன மாதம் அவளாகவே ஒரு பெயர் சொன்னாள். சாய்குமார், தாராபுரம் பக்கம் காற்றாலைகளுக்குச் சர்வீஸ் பார்க்கிறவர். வேலை விஷயமாகப் பழக்கமாம். "இவரு வந்தா எனக்குச் சரிம்மா" என்றாள். பெற்று வளர்த்தவளுக்கு அந்த ஒரு வாக்கியம் போதாதா? கனகம் அன்றைக்குச் சமையலறைக்குள் போய்க் கொஞ்ச நேரம் அழுதாள்.

ஆனால் காலையில் பூ கட்டும்போது ஹர்ஷிணி இன்னொன்றும் சொன்னாள்.

"அப்பா இன்னைக்கும் தீப்பெட்டியத் தூக்கிட்டு வந்து, அவரை அனுப்பிச்சுட்டாருன்னா, இனிமே யாரையும் கூப்புடாதீங்கம்மா. நான் இப்படியே இருந்துக்கறேன்."

கோபமாகச் சொல்லியிருந்தால் பரவாயில்லை. சாதாரணமாகச் சொன்னாள், அதுதான் கனகத்தைப் பயமுறுத்தியது. இவள் சொன்னால் செய்கிறவள். போன வருஷம் அப்பா குளியலறையில் வழுக்கி விழுந்தார் என்று புனே வேலையை ஒரே நாளில் வேண்டாம் என்று எழுதிப் போட்டவள்.

கனகம் வெற்றிலை வாங்க வீட்டுக்காரரைக் கடைக்கு அனுப்பினாள். கொத்தமல்லிக் கட்டோடு வந்தார். வெற்றிலைங்க என்று சொல்லி மறுபடியும் அனுப்பினால் மறுபடியும் கொத்தமல்லி. "யாருடி வர்றாங்க?" என்று காலையிலிருந்து மூன்று தடவை கேட்டுவிட்டார். வேண்டுமென்றே கேட்கிறாரோ என்று முதலில் ஆத்திரமாக வந்தது. அப்புறம் வயசாகிவிட்டது என்று விட்டுவிட்டாள். கொஞ்ச நாளாகவே இப்படித்தான். வேறு என்ன பேர் வைப்பது என்று யோசிக்கவே அவளுக்குப் பயம். வெற்றிலையைப் பக்கத்து வீட்டில் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

பதினொரு மணிக்கு வந்தார்கள். சாய்குமார், அவனுடைய அம்மா, அக்கா பிரத்யுஷா, மூன்றே பேர். மாப்பிள்ளைக்குத் தலையில் லேசாக நரை, கண்ணுக்குக் கீழே தூக்கம் கெட்ட கறுப்பு, விடிய விடிய ஏதோ காற்றாலை உச்சியில் நின்றுவிட்டு வந்தவன். இரண்டு குடும்பமும் பூர்வீகத்தில் தெலுங்குக்காரர்கள்தான், ஆனால் வீட்டில் தெலுங்கு பூஜையறையோடு நின்றுபோய் வெகுகாலம், பேச்செல்லாம் கொங்குத் தமிழ்தான். கேசரியை வழித்துச் சாப்பிட்டான். "நல்லா இருக்குதுங்க அத்தை" என்றான். முதல் நாளே அத்தை. கனகத்துக்கு அது பிடித்திருந்தது.

திருமலைசாமி சட்டைப்பையிலிருந்து தீப்பெட்டியை எடுத்தார். ஹர்ஷிணி அப்பாவின் நாற்காலிக்குப் பின்னால் நின்றிருந்தாள். அம்மாவை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மீன் தயாரானது. விதிகளைச் சொன்னார். சாய்குமார் முழங்கையைத் தொடையில் ஊன்றிப் பார்த்தான். ஒரு குச்சியைக்கூடத் தொடவில்லை. பிரத்யுஷா எட்டிப் பார்த்து, "எனக்கே தலை சுத்துதுங்க" என்றாள். ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது.

"மாமா, இது உங்களுக்கு இடது கைப்பக்கம் பாக்குது, எனக்கு வலது கைப்பக்கம் பாக்குதுங்க" என்றான் சாய்குமார். "நீங்க எந்திரிச்சு என்ற பக்கம் வந்து உக்காந்தீங்கன்னா, திரும்புனாப்பலதானுங்களே? ஒரு குச்சியும் நகத்த வேண்டியதில்லை."

அவனுடைய அம்மா சிரித்துவிட்டாள். கனகத்துக்கும் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

"அது செல்லாது தம்பி" என்றார் திருமலைசாமி. "மேக்க பாத்த மீனு எங்க உக்காந்து பாத்தாலும் மேக்கதான் பாக்கும். குச்சிய நகத்தோணும்."

சாய்குமார் இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தான். கண்ணைத் தேய்த்துக்கொண்டான். "அப்படிப் பாத்தா எனக்குத் தோணலீங்க மாமா. நீங்களே காட்டிப்போடுங்க."

முடிந்தது என்று கனகம் நினைத்தாள். இனி முகம் தெளியும், சடசடவென்று மூன்று குச்சிகள் நகரும், அவ்வளவுதானுங்க என்பார், இவர்கள் எழுந்து போவார்கள். ஹர்ஷிணி இப்படியே இருந்துகொள்வாள். வாணலியைத் தேய்க்க வேண்டும்.

திருமலைசாமி வால் குச்சி ஒன்றை எடுத்தார். மேலே வைத்தார். பார்த்தார். மறுபடியும் பழைய இடத்தில் வைத்தார். தலைக் குச்சியைத் தொட்டார், விட்டார். பிறகு முதலில் எடுத்த அதே வால் குச்சியையே எடுத்து, அதே இடத்தில் வைத்து, அதே மாதிரி பார்த்தார். கொத்தமல்லி, மறுபடியும் கொத்தமல்லி. இத்தனை நாள் பேர் வைக்கப் பயந்தது டீப்பாய் மேலேயே வந்து உட்கார்ந்துவிட்டது.

"அப்பா?" என்று ஹர்ஷிணி சன்னலிலிருந்து திரும்பினாள். "என்னப்பா?"

அவள் இன்னும் பார்க்கவில்லை. நாற்காலிக்குப் பின்னால் நிற்கிறவளுக்கு அவர் முகம் தெரியாது. இன்னும் ஒரு நிமிஷம் போனால் தெரிந்துவிடும். தெரிந்தால் புனே போன வழியில்தான் தாராபுரமும் போகும். நாளைக்கே டாக்டர், மாத்திரை என்று அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு இங்கேயே நின்றுவிடுவாள். மாட்டேன் என்று சொல்ல வைக்க ஆண்டவனாலும் முடியாது.

கனகம் விறுவிறுவென்று வந்து டீப்பாய் முன்னால் நின்றாள்.

"ஏனுங்க, போதுமுங்க விளையாட்டு. பன்னெண்டுக்கு எமகண்டம் ஆரம்பிச்சுரும். அதுக்குள்ள வெத்தலை பாக்கு மாத்திப் பூ வெச்சுப்போடலாம்." எட்டுக் குச்சிகளையும் ஒரே வழிப்பாக வழித்துக் கையில் எடுத்துக்கொண்டாள்.

"அப்பா இன்னும் காட்டவே இல்லையேம்மா" என்றாள் ஹர்ஷிணி.

"எதுக்குக் கண்ணு காட்டோணும்? வேண்டாதவிங்களுக்குத்தான் காட்டி அனுப்புவாரு. இவரைப் புடிச்சுப்போச்சு, அதான் காட்டாம இழுத்துட்டு இருக்கறாரு. இத்தனை வருசத்துல உனக்கு அப்பாவத் தெரியாதா?" சொல்லிவிட்டுப் புருஷனைப் பார்த்தாள். "ஏனுங்க, அப்படித்தானுங்களே?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். கல்யாணமான நாளிலிருந்து அவரை எதிர்த்து ஒரு சபையில் அவள் வாய் திறந்ததில்லை. அவர் கண்ணில் கோபம் வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. தொலைந்துபோன பிள்ளை வழி கேட்பது மாதிரி அவளைப் பார்த்தார். அந்தப் பார்வையை அவளால் தாங்க முடியவில்லை.

"ஆமா" என்றார் மெதுவாக. "அப்படித்தான். வெளக்கேத்து கனகம்."

ஹர்ஷிணி அப்பாவையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தாள். நம்பலாமா என்று தெரியாமல் நின்றாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு பூஜையறைக்குள் ஓடிவிட்டாள். சாய்குமாரின் அம்மா எழுந்து வந்து கனகத்தின் கையைப் பிடித்தாள். கைக்குள் தீக்குச்சிகள் குத்தின.

விளக்கேற்றும்போது முதல் குச்சி அணைந்துவிட்டது. இரண்டாவது பிடித்தது. வெற்றிலை பாக்கு மாற்றினார்கள். பிரத்யுஷா ஹர்ஷிணிக்குப் பூ வைத்துவிட்டாள். திருமலைசாமி சரியாகத்தான் பேசினார், மில் கதை ஒன்று சொன்னார். அதையே இரண்டாவது தடவை ஆரம்பித்தபோது கனகம் காபி கொண்டுவந்து நடுவில் புகுந்தாள்.

பிறகு ஹர்ஷிணி அவர்களைக் கார் வரைக்கும் கொண்டுபோய்விடப் போனாள். கேட்டுக்கு வெளியே அவள் சிரிக்கிற சத்தம் கேட்டது. அவள் இவ்வளவு சத்தமாகச் சிரித்து எத்தனையோ நாளாயிற்று. கனகம் சோபாவில் பொத்தென்று உட்கார்ந்தாள். அழ வேண்டும் போலவும் இருந்தது, தூங்க வேண்டும் போலவும் இருந்தது.

திருமலைசாமி வெறும் டீப்பாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்கு மறந்துபோச்சு கனகம்" என்றார்.

"போச்சாதுங்க, உடுங்க."

"மீனு மட்டுமில்ல. நேத்து நம்ம வீதியிலயே நின்னுட்டு இருந்தேன். எந்த ஊடுன்னு தெரியல."

அவள் சோபா ஓரத்துக்கு நகர்ந்து அவர் பக்கமாக உட்கார்ந்தாள்.

"அம்மணிகிட்டச் சொல்லிப்போடாத. கல்யாணம் முடியற வரைக்கும். சொன்னா அவ போகமாட்டா."

மகளைப் போகவிடாமல் இத்தனை வருஷம் தீப்பெட்டியோடு உட்கார்ந்திருந்த மனுஷன். "சொல்லமாட்டனுங்க" என்றாள்.

மீதி ஆறு குச்சிகளையும் அவள் இடுப்பில் செருகியிருந்தாள். தீப்பெட்டியிலிருந்து இன்னும் இரண்டு எடுத்து, டீப்பாய்மேல் மீனை அடுக்கினாள், மேற்கே பார்த்து. ஒவ்வொரு மாப்பிள்ளைக்கும் காபி வைத்துவிட்டு நின்று பார்த்துப் பார்த்து அவளுக்கு மனப்பாடம்.

"இங்க பாருங்க. அடிப்பக்கம் இருக்கற மூணையும் மேல கொண்டு போகோணும். தலைக்கு அடியில ஒண்ணு, துடுப்பு ஒண்ணு, வாலு ஒண்ணு." நகர்த்தினாள். மீன் கிழக்கே திரும்பியது.

அவர் தலையை ஆட்டினார். வெளியே கார் கிளம்பியது, ஹர்ஷிணியின் செருப்புச் சத்தம் வாசலை நோக்கி வந்தது.

"வெசையா இன்னொருக்கா காட்டு, அவ வர்றதுக்குள்ள" என்றார்.

அவள் குச்சிகளைக் கலைத்து மறுபடியும் அடுக்க ஆரம்பித்தாள்.