அத்தானுக்கு ஓர் ஆடாத பைனாகுலர்

1

இந்தக் கதை ஒரு சண்டையிலிருந்து வந்தது. யாருக்கும் அடிபடவில்லை, எங்கள் வாசல் கேட்டின் தூண் ஒன்று மட்டும் சாய்ந்தது. அன்று சாயங்காலமே அத்தான் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "மாப்ள, இதயும் எழுதித் தொலைச்சுடாத" என்றார். அதனால் எழுதுகிறேன்.

முதலில் இப்படித் தொடங்கியிருந்தேன்:

மாலை வெயிலில் அந்தக் கிரேன் ஒட்டகச்சிவிங்கியைப் போலக் கழுத்தை நீட்டி—

வேண்டாம். கிரேன் கிரேனைப் போலத்தான் இருக்கும். கல்குவாரியில் வளர்ந்தவன் நான். இரும்பைப் பார்த்து மிருகம் என்று எழுதினால் என் தோள்பட்டையே சிரிக்கும்.

இரண்டாவது தொடக்கம்: ஒரு தகப்பனின் நடுங்கும் கைகள்—

இதுவும் வேண்டாம். நீங்கள் இப்போதே மூக்கைச் சிந்தத் தயாராகிவிடுவீர்கள். அத்தானுக்கு அது பிடிக்காது. உள்ளதைச் சொல்லிவிடுகிறேன்.

2

அத்தான் என் அக்காவின் கணவர். பாறை துளைக்கும் எந்திரத்தைப் பிடித்துக்கொண்டே வாலிபத்தைக் கழித்தவர். எந்திரத்தைக் கீழே வைத்துப் பல வருடங்கள் ஆகின்றன. கைக்குள் அது இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. அக்கா அவருக்கு அரை டம்ளர் டீதான் ஊற்றுவாள். மீதி எங்கே என்று கேட்டால், "சட்டையில கொட்டுறதுக்கு சட்டியிலயே இருக்கட்டும்" என்பாள்.

பிறகு கொஞ்ச காலம் கிரேனுக்குக் கீழே நின்று சைகை காட்டும் வேலை பார்த்தார். ஏற்று, இறக்கு, நிறுத்து. கை நடுங்கினால் மேலே இருப்பவர் எதை நம்புவார்? அந்த வேலையும் போயிற்று.

இப்போது அவர் மகள் கிரேன் ஓட்டுகிறாள். வேலைக்குப் புதுசு. வீட்டில் அக்கா அவளைக் கேலியாக 'ஆபரேட்டர்' என்று கூப்பிடுகிறாள்; நானும் அப்படியே எழுதுகிறேன். அவள் சேர்ந்த புதிதில் அத்தான் வேலையிடத்தின் வேலிக்கு வெளியே போய் நின்றார். வெயிலுக்குக் கையைத் தூக்கி நெற்றியில் வைத்தார். கை ஆடியது, மேலேயிருந்து பார்த்தால் நிறுத்து என்று காட்டுவதுபோல. கிரேன் வேலையில் ஒரு விதி உண்டு: நிறுத்து என்று யார் காட்டினாலும் நிறுத்தியாக வேண்டும். அவள் நிறுத்திவிட்டாள். சிமெண்டுத் தொட்டி அந்தரத்தில் நின்றது, மேஸ்திரி கத்தினார்.

அன்று வீட்டுக்கு வந்து சொன்னாள்: "அப்பா, இனிமே நீ அந்த வேலிப் பக்கமே வராத."

அவர் போகவில்லை. ஆனால் அவருக்கு ஒன்று தெரிந்தாக வேண்டும்: மேலே அந்தக் கண்ணாடிக் கூண்டுக்குள் அவள் நன்றாக இருக்கிறாளா? கேட்டால் "ம்" என்பாள். எல்லா மகள்களும் அப்படித்தான் சொல்கிறார்கள்.

(எங்கள் மொட்டை மாடியிலிருந்து அந்தக் கிரேன் தெரியும். தீக்குச்சி அளவுக்கு.)

3

பைனாகுலர் வாங்கக் கடைக்குப் போனார், நானும் கூடப் போனேன். கடைக்காரம்மா முதலில் சாதாரண பைனாகுலரைக் கொடுத்தார்.

"என்னம்மா இது, எதிர்க் கட்டடம் குதிக்குது?"

"கை கொஞ்சம் ஆடுதுங்க. பெருசாக் காட்டக் காட்ட ஆட்டத்தையும் பெருசாக் காட்டும். ஸ்டாண்டு ஒண்ணு வாங்கிக்கிறீங்களா?"

"ஸ்டாண்டா? நான் என்ன, கல்யாணத்துக்கு வீடியோ எடுக்கவா போறேன்?"

கடைக்காரம்மா சிரித்துவிட்டு, உள்ளேயிருந்து கனமான ஒன்றைக் கொண்டுவந்தார். பேட்டரியில் ஓடுவது. ஆட்டத்தைத் தானே உணர்ந்து உள்ளே கண்ணாடியை எதிர்ப்பக்கம் அசைத்துக்கொள்ளுமாம். "இந்தப் பொத்தான அமுத்துனபடி பாருங்க. விரல எடுத்தா ஆடும்."

அத்தான் துளைப்பு எந்திரத்தைப் பிடிப்பதுபோல் பல்லைக் கடித்துக்கொண்டு பிடித்தார். பொத்தானை அமுக்கினார். மறுபடி எதிர்க் கட்டடத்தைப் பார்த்தார்.

"நின்னுடுச்சு, மாப்ள."

(இந்த இடத்தில் அவர் கண் கலங்கியதாக ஒரு வரி எழுதி அடித்துவிட்டேன். கலங்கவில்லை. எதிரே சாரத்தில் நின்று பெயர்ப்பலகை எழுதிக்கொண்டிருந்தவரைப் பார்த்து, "அந்தாளு பீடிய அணைச்சிட்டு வாயிலயே வச்சிருக்கான்" என்றார்.)

எட்டு மடங்கா, பத்தா, பன்னிரண்டா? எட்டு இலேசு, ஆனால் முகம் தெரியாது. பன்னிரண்டு கழுத்தை இழுக்கும். பன்னிரண்டு என்றார். மூக்குக்கண்ணாடியோடு பார்ப்பதற்கு ரப்பர் வளையத்தை மடக்கிக் காட்டினார் கடைக்காரம்மா.

"பேட்டரி தீந்துபோனா?"

"சாதாரண பைனாகுலர் ஆயிடும்."

"அப்போ என்னைய மாதிரி."

4

இங்கே கொஞ்சம் நிற்கிறேன். கதையில் கிரேன் வந்துவிட்டால் யாராவது விழ வேண்டும் என்று நினைக்கிறீர்கள். நானும் ஒரு பக்கம் அப்படி எழுதிப் பார்த்தேன்: அப்பா பார்த்துக்கொண்டிருக்கும்போதே கம்பிவடம் அறுந்து—

கிழித்துவிட்டேன். விழுந்தவர்களை நான் தூக்கியிருக்கிறேன். பக்கம் நகர வேண்டும் என்பதற்காக ஒரு பெண்ணைத் தள்ளிவிட மாட்டேன்.

5

தினமும் மாடியில் துணி காயப்போடும் சாக்கில் பார்த்தார். "நாக்கைக் கடிச்சுக்கிட்டு ஓட்டுறா, மாப்ள. சிலேட்டுல எழுதும்போது இப்படித்தான் கடிப்பா." வேகமாகத் திருப்பினால் படம் தண்ணீரில் மிதப்பதுபோல் வழுக்கும், மெல்லத் திருப்ப வேண்டும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தார்.

சண்டை நடந்த நாளில் கம்பிக்கட்டு ஒன்று மேலே போயிற்று. போகும்போதே ஊசலாடத் தொடங்கியது. அத்தான் முணுமுணுத்தார்: "பொறு... பொறு..." இடது கையில் பைனாகுலர். வலது கை தானாக நீண்டுவிட்டது, பழைய வேலைப்படி. உள்ளங்கையைக் கீழே காட்டி மெல்ல மெல்ல அசைத்தார். இறக்கு. இறக்கு.

கீழே தெருவில், பக்கத்து வீட்டுக்கு வந்த மணல் லாரி ரிவர்ஸில் வந்துகொண்டிருந்தது.

டமார் என்றது.

"மேலருந்து பெரியவரு மெதுவா வான்னு காட்டுனாரு, வந்தேன்! என் மேல என்ன தப்பு?" என்று குதித்தார் டிரைவர்.

"அவரு உனக்குக் காட்டலய்யா, அவரு பொண்ணுக்குக் காட்டுனாரு!" என்றாள் அக்கா.

"பொண்ணு எங்கம்மா?"

அக்கா வானத்தைக் காட்டினாள்.

டிரைவர் தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டார். "அடடா... எப்பம்மா?"

"வாயக் கழுவு! அவ கிரேன்ல இருக்கா!"

6

ஆபரேட்டர் வந்தாள். தூணைப் பார்த்தாள். அக்கா ஒன்று விடாமல் சொல்லிவிட்டாள்.

"எத்தன நாளா இது?"

"கொஞ்ச நாளா."

"அங்க நான் தனியா இருக்கேன்னுதானப்பா நிம்மதியா இருந்தேன். பாடுவேன், காலத் தூக்கிப் போட்டுக்குவேன். அதையும் பாத்தியா?"

அத்தான் பைனாகுலரைப் பெட்டியில் வைத்து மூடினார். "கடையில திருப்பிக் கொடுத்துடறேன்மா."

அவள் பெட்டியைப் பிடுங்கிக்கொண்டு மாடிக்குப் போனாள். நாங்களும் பின்னால் போனோம். வெளிச்சம் இன்னும் இருந்தது. காலியாகக் கிடந்த தன் கூண்டைத் தேடினாள்.

"பொத்தான விடாத" என்றார் அத்தான்.

"தெரியுது. என் தண்ணி பாட்டில்கூடத் தெரியுது." பைனாகுலரைக் கண்ணிலிருந்து எடுக்காமலே கேட்டாள்: "இன்னிக்குக் கம்பி ஆடுச்சுல்ல... நான் பயந்தது தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது. கையப் பேண்ட்டுல தொடச்சே."

"அப்புறம்?"

"ஆட்டம் அடங்குற வரைக்கும் பொறுத்துட்டு எறக்குனே. பயம் போனதும் தெரிஞ்சுது."

"அம்மாகிட்டச் சொன்னியா?"

"அவகிட்ட எதுக்கு?"

அக்கா அங்கேதான் நின்றாள். காதில் விழாததுபோல் கொடியிலிருந்து துணியை எடுத்தாள்.

"சரி" என்றாள் மகள். "நாளைக்குக் காலைல பெரிய உத்தரம் ஏத்துறோம். அதப் பாரு. சாப்பாட்டு நேரத்துல மட்டும் பாக்காத, அது என் நேரம். அப்புறம், ரெண்டு கையும் இதுலதான் இருக்கணும்."

7

மூன்று முடிவுகள் எழுதி வைத்திருக்கிறேன். ஒன்றில் தெருவே கை தட்டுகிறது. தெருவுக்கு வேறு வேலை இருக்கிறது. இரண்டாவதில் சரியான நேரத்தில் பேட்டரி தீர்ந்துவிடுகிறது; அத்தான் சட்டைப்பையில் மாற்றுப் பேட்டரி வைத்திருக்கிறார், ஆகவே அது பொய். மூன்றாவதில் அவள் மாடியைப் பார்த்துக் கையசைக்கிறாள். வேலை நேரத்தில் எந்த ஆபரேட்டரும் அப்படிச் செய்ய மாட்டார்.

இதை எழுதும்போது காலை. மேலே நாற்காலி நகரும் சத்தம். அக்காவும் மேலேதான் இருக்கிறாள், "எனக்குக் கொஞ்சம் குடுங்க, நீங்க மட்டுமே பெத்தீங்களா?" என்பது இங்கே கேட்கிறது.

"மாப்ள! கொக்கி மாட்டிட்டாங்க. வர்றியா, இல்ல எழுதிக்கிட்டே கெடக்குறியா?"

உத்தரம் தரையை விட்டு மெல்ல—

இந்த வரியை நீங்கள் முடித்துக்கொள்ளுங்கள். நான் மாடிக்குப் போகிறேன்.